திரையில் ஹுவா முலான்

ஹுவா முலான் சீனக் கதைமரபின் வீராங்கனை. தந்தைக்குப் பதிலாக ஆண் வேடமிட்டுப் படையில் சேர்ந்து, பல ஆண்டுகள் போரிட்டு, அரசன் தந்த பதவியை மறுத்து வீடு திரும்பிய பெண்ணாக அவளை ஒரு பழைய கதைப்பாடல் காட்டுகிறது. அவள் உண்மையில் வாழ்ந்தவள் என்பதற்கு உறுதியான வரலாற்றுச் சான்று கிடையாது. ஆனால் 1927 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஷாங்காய், ஹாங்காங், ஹாலிவுட் ஆகிய மூன்று திரையுலகங்களும் அவளைத் திரும்பத் திரும்பப் படமாக்கியுள்ளன. மௌனப் படம், இசைநாடகப் படம், இயங்குபடம், போர்ப்படம் என ஏறக்குறைய எல்லா வடிவங்களிலும் அவள் தோன்றியிருக்கிறாள்.

இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். கதையின் எலும்புக்கூடு எங்கும் மாறுவதில்லை. மாறுவது வேடம் கலையும் காட்சி. அவள் பெண் என்பது எப்போது, எங்கே, யாருடைய விருப்பத்தால் தெரியவருகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற விடையைத் தந்திருக்கிறது.

மூலப் பாடல்

முலானைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆக்கம் 'முலான் பாடல்' எனப்படும் கதைப்பாடல். வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசின் காலத்தில் (கி.பி. 386–534) இது வாய்மொழியாகத் தோன்றியிருக்கலாம் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. சோங் அரசர் காலத்தில் குவோ மாவ்சியன் தொகுத்த இசைப்பாடல் திரட்டில் இது இடம்பெற்றதால் இன்றுவரை நிலைத்தது. முன்னூற்றுச் சொச்சம் எழுத்துகளே கொண்ட சிறு பாடல் இது. 'முலான்' என்ற சொல் ஒரு பூமரத்தின் பெயரும் ஆகும்.

பாடல் தறியடியில் தொடங்குகிறது. நெய்துகொண்டிருக்கும் பெண் பெருமூச்சு விடுகிறாள். படைக்கு ஆள் கேட்டு வந்த பட்டியல்களில் தந்தையின் பெயர் இருக்கிறது. வீட்டில் வளர்ந்த ஆண்மகன் இல்லை. அவள் நான்கு திசைச் சந்தைகளுக்கும் சென்று குதிரை, சேணம், கடிவாளம், சவுக்கு ஆகியவற்றை வாங்குகிறாள். மஞ்சளாறு, கருமலை வழியே போர்க்களம் செல்கிறாள். போர் முழுவதும் ஆறு வரிகளில் முடிந்துவிடுகிறது. திரும்பி வந்தவளுக்கு அமைச்சுப் பதவி காத்திருக்கிறது. வேண்டாம், ஊர் போய்ச் சேர விரைந்த ஊர்தி போதும் என்கிறாள்.

பாடலின் செறிந்த பகுதி வீடு திரும்புதல். பெற்றோர் ஒருவரையொருவர் தாங்கியபடி ஊர் எல்லை வரை வந்து எதிர்கொள்கிறார்கள். அக்காள் தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள். தம்பி விருந்துக்காகக் கத்தி தீட்டுகிறான். முலான் தன் அறைக்குள் போய்ப் போர்க்கோலம் களைந்து, பழைய உடையை உடுத்தி, சன்னலருகே கூந்தலை ஒழுங்குசெய்து, நெற்றியில் ஒப்பனை இட்டு வெளியே வருகிறாள். உடன் போரிட்ட தோழர்கள் திகைத்து நிற்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கூடவே இருந்தும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆண் முயலும் பெண் முயலும் அருகருகே ஓடும்போது எது எதுவென்று யாரால் பிரித்தறிய முடியும் என்ற பொருளில் பாடல் முடிகிறது.

இரண்டு செய்திகள் திரை வரலாற்றுக்கு முக்கியமானவை. முதலாவது, பாடலில் முலானை யாரும் கண்டுபிடிப்பதில்லை. கடமையெல்லாம் முடிந்தபின், தன் வீட்டில், தன் கையால் அவளே வேடத்தைக் களைகிறாள். அதற்குத் தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இரண்டாவது, பாடலில் அரசன் 'கான்' என்றும் குறிக்கப்படுகிறான். வடக்கு வெய் அரசை நிறுவிய தோபா குலத்தார் புல்வெளியிலிருந்து வந்த சியன்பெய் மக்கள். குதிரையேற்றம் அறிந்த பெண்கள் அச்சமூகத்தில் அரியவர்கள் அல்லர். பின்வந்த படங்கள் பலவும் 'கான்' என்ற பட்டத்தைப் பகைவனுக்கு மாற்றிவிட்டு, முலானைச் சீனப் பேரரசரின் படையில் நிறுத்தின.

மேடை மரபு

'ஹுவா' என்ற குடும்பப் பெயர் பாடலில் இல்லை. மிங் அரசர் காலத்து நாடகாசிரியரும் ஓவியருமான சூ வெய் (1521–1593) எழுதிய நாடகத்தில்தான் அவள் 'ஹுவா' முலான் ஆனாள். 'ஹுவா' என்றால் பூ. பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் நிலவிய காலம் அது. ஆகவே அவருடைய முலான் படைக்குப் புறப்படும் முன் கால்கட்டைப் பிரிக்கிறாள். மூலப் பாடலின் காலத்தில் அவ்வழக்கமே கிடையாது. நாடகத்தின் முடிவில் அவளுக்குத் திருமணமும் உண்டு. 1695-இல் சூ ரென்ஹுவோ வெளியிட்ட சூய்–தாங் காலப் புதினத்தில் கதை துயரமாகிறது. அங்கே அரசனின் அந்தப்புரத்துக்கு அழைக்கப்படும் முலான் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறாள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீக்கிங் இசைநாடகப் பேராளுமை மெய் லான்ஃபாங் முலானை மேடையேற்றினார். பெண் பாத்திரங்களை ஆண்கள் ஏற்று நடித்த மரபு அது. பெண்ணாக நடிக்கும் ஓர் ஆண், அந்தப் பெண் ஆணாக நடிப்பதை நடித்துக் காட்ட வேண்டும். நடை, குரல், கையசைவு ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு வேடம் தெரிய வேண்டும். முலான் பாத்திரம் நடிகர்களின் திறமைக்கு உரைகல்லாக மதிக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். பின்வந்த திரைப்பட நடிகையரும் அந்த உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட்டவர்களே.

மௌனப் படங்கள் (1927, 1928)

முலானின் திரைப் பயணம் ஷாங்காயில் ஒரு வணிகப் போட்டியோடு தொடங்கியது. மின்சின் நிறுவனம் முலான் கதையைப் படமாக்க முனைந்தபோது, தியன்யீ நிறுவனம் முந்திக்கொண்டு 1927-இல் தன் படத்தை வெளியிட்டது. லி பிங்சியன் இயக்கிய அப்படத்தில் ஹூ ஷான் முலானாக நடித்தார். மின்சினின் படம் ஹோ யாவ் இயக்கத்தில் 1928-இல் வந்தது.

மின்சின் படத்தில் முலானாக நடித்த லி தான்தானுக்கு அப்போது வயது ஏறத்தாழ 16. அவருடைய பிற்கால வாழ்க்கை பாத்திரத்தையே விஞ்சிவிட்டது. நடிப்பை விட்டபின் ஐரோப்பா சென்ற அவர், சுவிட்சர்லாந்திலும் பின்னர் அமெரிக்காவிலும் விமானம் ஓட்டக் கற்றார். லி சியாசிங் என்ற பெயரில் சீனாவின் முன்னோடிப் பெண் விமானிகளுள் ஒருவரானார். ஜப்பானியப் படையெடுப்பின்போது அமெரிக்க நகரங்களுக்குப் பறந்து சென்று, போரால் துன்புற்ற சீன மக்களுக்காக நிதி திரட்டினார். திரையில் தந்தைக்காகக் குதிரையேறிய சிறுமி, பத்தாண்டு கழித்து நாட்டுக்காக விமானம் ஏறினார்.

'முலான் படையில் சேர்கிறாள்' (1939)

1937 நவம்பரில் ஷாங்காய் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெளிநாட்டவர் ஆட்சியிலிருந்த நகரப் பகுதிகள் மட்டும் 1941 டிசம்பர் வரை ஆக்கிரமிக்கப்படாமல் இருந்தன. 'அனாதைத் தீவு' எனப்பட்ட அப்பகுதியில் ஜப்பானை நேரடியாக எதிர்த்துப் படம் எடுக்க வழியில்லை. பழங்கதைக்குள் சொல்ல வேண்டியதைப் பொதிந்து வைப்பதே திரைக்கலைஞர்களுக்கு இருந்த ஒரே பாதை.

தயாரிப்பாளர் சாங் ஷான்குன் இதற்குத் தேர்ந்தது முலான் கதையை. பு வான்சாங் இயக்கினார். ஹாங்காங்கின் கான்டன் மொழிப் படங்களில் புகழ்பெற்றிருந்த சென் யுன்ஷாங் ஷாங்காய்க்கு அழைத்துவரப்பட்டு முலானானார். திரைக்கதை எழுதிய ஓயாங் யூசியன் சீன நவீன நாடகத்தின் முன்னோடி. பீக்கிங் இசைநாடகத்தில் பெண் வேடம் புனைவதில் மெய் லான்ஃபாங்குக்கு இணையாகப் பேசப்பட்டவர். ஒருவர் இன்னொருவராக வேடம் தரிப்பதன் நுட்பம் அறிந்தவர் எழுதிய முலான் இவள்.

இப்படத்தின் முலான் கலகலப்பானவள், வாய்த்துடுக்கானவள். வடக்கிலிருந்து வரும் பகைவரும், அவர்களோடு கள்ள உறவு வைத்திருக்கும் அதிகாரியும் யாரைக் குறிக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர்கள் நொடியில் உணர்ந்துகொண்டார்கள். 1939 பிப்ரவரியில் ஷாங்காயில் வெளியான படம் 85 நாள் ஓடியது. போரில் உடன் நின்ற வீரன் லியு யுவாண்டுவை முலான் மணந்துகொள்வதோடு கதை முடிகிறது.

ஆனால் சீன அரசின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கில் 1940 ஜனவரியில் இப்படம் திரையிடப்பட்டபோது, ஆக்கிரமிக்கப்பட்ட நகரிலிருந்து வந்த துரோகப் படம் என்று குற்றம் சாட்டிய கூட்டம் படச்சுருளைத் தெருவில் கொளுத்தியது. துரோகத்தைச் சாடிய படமே துரோகமென்று எரிந்தது. போர்க்காலத்தில் ஒரு கலைப்படைப்பு எவ்வளவு குறுகிய பாலத்தின்மீது நடக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ஹெனான் இசைநாடகப் படம் (1956)

சாங் சியாங்யு (1923–2004) ஹெனான் மாகாண இசைநாடகத்தின் ஈடற்ற நடிகை. கொரியப் போரின்போது, 1951–52-இல், அவர் தம் குழுவோடு பல நகரங்களுக்குப் பயணம் செய்து முலான் நாடகத்தை நடத்தினார். வசூலான பணத்தில் சீனப் படைக்கு ஒரு போர்விமானம் வழங்கப்பட்டது; அதற்கு அவருடைய நாடகக் குழுவின் பெயரே சூட்டப்பட்டது.

அந்நாடகத்தை சாங்சுன் திரைப்பட நிலையம் 1956-இல் படமாக்கியது. லியு குவோசுவானும் சாங் சின்ஷியும் இயக்கினர். படத்தின் உயிர் ஒரு பாடலில் இருக்கிறது. பெண்கள் வீட்டில் சுகமாக இருக்க ஆண்கள் மட்டும் போரில் சாக வேண்டுமா என்று சலித்துக்கொள்கிறான் ஒரு வீரன். முலான் அவனை மடக்குகிறாள்: நீ போட்டிருக்கும் செருப்பையும் சட்டையையும் பார், அவற்றைத் தைத்தவர்கள் யார்? பெண்கள் ஆண்களுக்கு எதில் குறைந்தவர்கள் என்று கேட்கும் அப்பாடல் சீனாவில் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. வாள் பிடித்த ஒரு பெண்ணின் பெருமையை நெய்தும் தைத்தும் உழைத்த எல்லாப் பெண்களுக்கும் அது பகிர்ந்தளித்தது. தறியடியில் தொடங்கிய மூலப் பாடலுக்கு இதைவிட நெருக்கமான விரிவுரை அமைவது அரிது. வேடம் கலையும் இடமும் பாடலில் உள்ளபடி முலானின் வீடுதான்.

ஷா பிரதர்ஸின் 'ஹுவா முலான்' (1964)

1927 படத்தை எடுத்த தியன்யீ நிறுவனம் ஷா சகோதரர்களுடையது. அதே குடும்பம் ஹாங்காங்கில் நடத்திய ஷா பிரதர்ஸ் நிறுவனம் 1964-இல் மீண்டும் முலானிடம் வந்தது. யுவே ஃபெங் இயக்கிய இது 'ஹுவாங்மெய்' எனப்படும் இனிய இசைநாடகப் பாணியில் அமைந்த வண்ணப்படம்.

முலானாக நடித்தவர் லிங் போ. முந்தைய ஆண்டு வெளியான 'லியாங் ஷான்போவும் சூ யிங்தாயும்' என்ற படத்தில், ஆண் வேடமிட்டுக் கல்வி கற்கும் பெண்ணைக் காதலிக்கும் இளைஞனாக, அதாவது ஆண் பாத்திரத்திலேயே நடித்துப் பெரும்புகழ் பெற்றவர் அவர். தைவானில் அவரைக் காணத் தெருக்களில் மக்கள் வெள்ளம் திரண்டது. ரசிகர்கள் அவரை ஆண் பாத்திரங்களிலேயே பெரிதும் விரும்பினர். ஆகவே முலான் படத்தில் ஒரு புதுமை நேர்ந்தது. மற்ற நடிகையர் முலானாக நடிக்கையில் ஆண் வேடம் கூடுதல் சுமை. லிங் போவுக்கோ அதுவே இயல்பான தோற்றம். படத்தின் முடிவில் பெண்ணுடையில் அவர் தோன்றும் தருணமே பார்வையாளர்களுக்கு வேடம் போலப் பட்டிருக்கும். படத்தில் தளபதியாக நடித்த ஜின் ஹான் பின்னாளில் அவருடைய கணவரானார்.

டிஸ்னியின் இயங்குபடம் (1998)

முலானை உலகறியச் செய்தது 1998 ஜூனில் வெளியான டிஸ்னியின் இயங்குபடம். டோனி பான்கிராஃப்ட், பேரி குக் இருவரும் இயக்கினர். பெரும்பகுதி ஃபுளோரிடாவில் இருந்த டிஸ்னி இயங்குபடக் கூடத்தில் உருவானது. மிங்-நா வென் முலானுக்குக் குரல் கொடுக்க, பாடல்களைப் பிலிப்பைன்ஸ் பாடகி லியா சலோங்கா பாடினார். எட்டி மர்ஃபியின் குரலில் முஷு என்ற குட்டி டிராகன் நகைச்சுவைக்கு உதவியது. ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஜெரி கோல்ட்ஸ்மித்தின் பின்னணி இசையும் மாத்யூ வைல்டர், டேவிட் ஜிப்பெல் ஆகியோரின் பாடல்களும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன.

படத்தில் காலப் பிறழ்வுகள் நிறைய. பகைவர்கள் ஹூணர்கள், அரண்மனை மிங் காலத்தது. முலான் வாளால் கூந்தலை அறுத்துக்கொள்ளும் காட்சி படத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. ஆனால் பழைய சீனாவில் ஆண்களும் நீள்முடி வளர்த்துக் கொண்டையிட்டவர்கள். ஆணாகத் தோன்ற முடியை அறுக்கத் தேவையே இல்லை. மூலப் பாடலிலும் அக்காட்சி கிடையாது.

ஆழமான மாற்றம் வேறு இடத்தில் நிகழ்ந்தது. மூலப் பாடலை இயக்குவது குடும்பக் கடமை. டிஸ்னி படத்தை இயக்குவது 'நான் யார்?' என்ற தேடல். திருமணத் தரகியிடம் தோற்றுவரும் முலான், தன் முகம் தனக்கே அந்நியமாகத் தெரிவதைப் பாடுகிறாள். போர்க்களத்தில் காயம்பட்டு மருத்துவர் பார்க்கும்போது அவள் பெண் என்பது அம்பலமாகிறது. சட்டப்படி தண்டனை மரணம்; ஆனால் அவளுடைய தளபதி ஷாங் உயிரை மட்டும் விட்டுவிட்டு அவளைப் பனிமலையில் தனியே விடுகிறான். பாடலில் இல்லாத குற்றமும் தண்டனையும் அவமானமும் இங்கே கதையின் நடுத்தூண்களாயின. அதன்பின் பேரரசரின் உயிரைக் காக்கும்போது அவள் பெண்ணாகவே நிற்கிறாள். பேரரசரும் கூடியிருந்த மக்களும் அவளுக்குத் தலைவணங்குகிறார்கள். மேற்கின் தனிமனித நோக்கு கதையை மாற்றியது உண்மையே. ஆனால் தங்கள் முகமுள்ள நாயகியைப் பெரிய திரையில் காணாதிருந்த ஆசிய அமெரிக்கச் சிறுமிகள் ஒரு தலைமுறைக்கு இந்தப் படம் தந்த நம்பிக்கையையும் குறைத்து மதிப்பிடலாகாது.

சீனாவில் இப்படம் 1999-இல்தான் திரைக்கு வந்தது. முலான் அயல்நாட்டுப் பெண்ணாகிவிட்டாள் என்று அங்கே பலர் குறைப்பட்டனர். 2004-இல் இதன் இரண்டாம் பாகம் நேரடியாக வீட்டுக் காணொளியாக உருவாக்கப்பட்டது.

ஜிங்கிள் மாவின் 'ஹுவா முலான்' (2009)

ஹாங்காங் இயக்குநர் ஜிங்கிள் மா எடுத்த சீனப் படத்தில் ஜாவ் வெய் முலானாக நடித்தார். வரலாற்றை ஒட்டி இதன் களம் வடக்கு வெய் அரசு. பகைவர் ரோரான் மக்கள். இசையும் நகைச்சுவையும் ஒதுங்கி, போரின் களைப்பு திரையை நிறைக்கிறது. ஒவ்வொரு வெற்றியிலும் முலானின் நண்பர்கள் சாகிறார்கள். பதவி உயர்கிறது, மனம் வற்றுகிறது.

முலானின் ரகசியத்தை உடன் வீரன் வென்தாய் தொடக்கத்திலேயே அறிந்துகொள்கிறான். முகாமில் ஒரு பச்சைமணிப் பதக்கம் களவுபோக, வீரர்கள் அனைவரையும் உடை களைந்து சோதிக்க ஆணை பிறக்கிறது. தான் பெண் என்பது தெரியாதிருக்க, செய்யாத திருட்டை முலான் ஒப்புக்கொள்கிறாள். வேடத்தைக் காக்க உயிரையே கொடுக்கத் துணியும் இக்காட்சி, முலான் படங்களில் மிகக் கூர்மையானவற்றுள் ஒன்று. முடிவில் அமைதிக்காக வென்தாய் ரோரான் இளவரசியை மணக்க வேண்டியிருக்கிறது. முலான் தனியே ஊர் திரும்புகிறாள். இந்நடிப்புக்காக ஜாவ் வெய் சீனாவின் 'நூறு மலர்கள்' விருதைப் பெற்றார்.

டிஸ்னியின் நடிகர்ப் படம் (2020)

நியூசிலாந்து இயக்குநர் நிக்கி காரோவின் படத்தில் லியு யிஃபெய் முலானாகவும், டானி யென் தளபதியாகவும், ஜெட் லி பேரரசராகவும், கோங் லி சூனியக்காரியாகவும் நடித்தனர். செலவு சுமார் 20 கோடி டாலர். 2020 மார்ச்சில் வரவேண்டிய படம் கொரோனா தொற்றால் தள்ளிப்போய், அமெரிக்காவில் செப்டம்பர் 4 அன்று டிஸ்னியின் இணையத் தளத்தில் கூடுதல் கட்டணத்தோடு வெளியானது. திரையரங்குகளில் ஏறத்தாழ 7 கோடி டாலரே ஈட்டியது. ஆடை வடிவமைப்புக்கும் காட்சி விளைவுகளுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

பாடல்களும் முஷுவும் நீக்கப்பட்டன. முலானுக்குப் பிறவியிலேயே 'சி' எனும் உயிராற்றல் மிகுதி என்று படம் சொன்னது. உழைத்துக் கற்றவள் என்பதைவிட வரம் பெற்றவள் என்ற இந்த மாற்றம் கதையின் வலுவைக் குறைத்தது. அதே வேளை, முந்தைய டிஸ்னி படத்திலிருந்து ஒன்றைப் படம் திருத்திக்கொண்டது. இங்கே அவளுடைய படையில் யாரும் அவளைக் கண்டுபிடிப்பதில்லை. பொய்யோடு போரிடுவது தன் ஆற்றலைக் கட்டுகிறது என்று உணர்ந்து, களத்திலேயே கவசத்தைக் கழற்றிக் கூந்தலை அவிழ்த்து விடுகிறாள். தேர்வு மீண்டும் அவள் கைக்கு வந்தது.

படத்தைச் சுற்றி அரசியல் எதிர்ப்பும் எழுந்தது. 2019-இல் ஹாங்காங் போராட்டத்தின்போது லியு யிஃபெய் காவல்துறைக்கு ஆதரவாகக் கருத்திட்டதால் புறக்கணிப்பு அழைப்புகள் வந்தன. ஒரு பகுதி சின்ஜியாங்கில் படமாக்கப்பட்டதும், உய்குர் மக்கள் பெருமளவில் அடைத்துவைக்கப்பட்ட அப்பகுதியின் அரசு அமைப்புகளுக்குப் படத்தின் முடிவில் நன்றி கூறப்பட்டதும் கண்டனத்துக்கு உள்ளாயின.

உறவுடைய பிற படங்கள்

முலானின் நிழல் சீன வாள்வீரப் படங்கள் பலவற்றில் விழுந்திருக்கிறது. கிங் ஹூவின் 'என்னோடு மது அருந்த வா' (1966) படத்தில் செங் பெய்-பெய் ஏற்ற வீராங்கனை, ஆணுடையில் சத்திரத்துக்குள் நுழைந்து பகைவரை எதிர்கொள்கிறாள். ஆங் லீயின் 'பதுங்கும் புலி, மறைந்த டிராகன்' (2000) படத்தில் ஜாங் சியீயின் பாத்திரமும் ஆணுடையில் உணவு விடுதியொன்றைத் தனியே துவம்சம் செய்கிறது.

சீனாவுக்கு வெளியே, சோவியத் இயக்குநர் எல்தார் ரியாசனோவின் 'குதிரைப்படை வீரரின் கதைப்பாடல்' (1962) குறிப்பிடத்தக்கது. நெப்போலியனின் படையெடுப்பின்போது ஆணுடையில் போருக்குச் செல்லும் இளம்பெண்ணாக லரீசா கோலுப்கினா நடித்தார். இதன் பின்னணியில், ரஷ்யக் குதிரைப்படையில் உண்மையாகவே பணியாற்றிய நாதெழ்தா தூரோவாவின் (1783–1866) வாழ்க்கை நிற்கிறது.

வேடம் கலையும் காட்சி

மேற்கண்ட படங்களை இக்காட்சி வழியே ஒப்பிட்டால் அவற்றின் காலம் துலங்கும். 1939-இன் முலான் திருமணத்துக்காகப் பெண்ணாகிறாள். நாடு மீண்டால் இல்லற வாழ்வும் மீளும் என்பது முற்றுகையிலிருந்த நகரின் ஏக்கம். 1956-இன் முலான், பெண் உழைப்பு ஆண் உழைப்புக்குச் சமம் என்று பறைசாற்றிய புதிய அரசின் குரலில் பாடுகிறாள். 1998-இன் முலான் பிறர் கையால் அம்பலப்பட்டு, தன்னை நிறுவிக் காட்ட வேண்டியவளாகிறாள். 2009-இன் முலானுக்கு வேடத்தைவிடப் போரே பெருஞ்சுமை. 2020-இன் முலானுக்கு உண்மை பேசுதலே வீரம்.

பாடலின் முலானிடம் இவை எதற்கும் தேவை இருக்கவில்லை. அவள் யாரிடமும் எதையும் நிறுவவில்லை. தன் அறைக்குப் போனாள், உடை மாற்றினாள், கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஆணாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததும் அவள்தான், சன்னலருகே கூந்தலை ஒழுங்குசெய்வதும் அவள்தான். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவள் நினைக்கவில்லை. திகைப்பு தோழர்களுடையது மட்டுமே. அந்த அமைதியை முழுமையாகக் காட்டிவிட்ட படம் இன்னும் வரவில்லை. ஒரு நூற்றாண்டாகத் திரைக்கலைஞர்கள் அந்தச் சிறு பாடலிடம் திரும்பத் திரும்பப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.